மட்டையை விழுங்கிய டேப்

தயான்சந்தின் ஹாக்கி மட்டையை உடைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஹாலந்தில் நடந்ததாகச் சொல்வார்கள். மனிதர் ஓட ஓட, பந்தும் கோந்து போட்டு ஒட்டியதுபோல மட்டையோடு கூடவே வருகிறது. உள்ளே காந்தம் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறாரோ? சந்தேகம் வந்துவிட்டது. உடைத்தார்கள். ஒன்றும் இல்லை. அசடு வழியத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

அந்தக் காலத்து ஹாக்கிப் பந்து என்பது தக்கை, நூல், தோல். இரும்பு மருந்துக்கும் கிடையாது. மட்டைக்குள் ஒரு காந்தத் தொழிற்சாலையே இருந்தாலும் அந்தப் பந்து ஏன் ஒட்டப் போகிறது? கதை சொல்கிற யாரும் இதைக் கேட்பதில்லை.

போகட்டும். நிஜமாகவே உடைத்திருந்தால் உள்ளே என்ன கிடைத்திருக்கும்?

முசுக்கட்டை மரம். அதாவது பட்டுப்புழு மென்று தின்கிற மல்பெரி இலை இருக்கிறதே, அதே குடும்பத்து மரம். பிடிக்குப் பிரம்பு. பிரம்புக்கு நடுவே, அடிக்கிற அதிர்ச்சி கைக்கு வராமல் இருக்கக் கொஞ்சம் ரப்பர். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கப் பசை. பிடியைச் சுற்றி நூல், அதன் மேல் துணியோ டேப்போ. அவ்வளவுதான் சரக்கு.

ஆனால், அந்த மரத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது.

ஹாக்கிக்கு இன்றைய விதிகளை எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். 1886-ல் லண்டனில் சங்கம் அமைத்து ஒழுங்குபடுத்தினார்கள். அவர்கள் மட்டை செய்தது ஆஷ் என்கிற மரத்தில். உறுதியான மரம்தான். ஆனால் சட்டென்று வளையாது. அதனால் மட்டையின் தலை நீட்டி முழக்கிக்கொண்டு கிடந்தது. முசுக்கட்டை அப்படியல்ல. ஆவி காட்டினால் சமர்த்தாக வளையும். வளைந்த இடத்தில் மர நாரும் அறுபடாமல் கூடவே வளைந்து போகும். விளைவு, குட்டையான தலை. குட்டைத் தலை என்றால் மட்டையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் புரட்டலாம். பந்தை இடமும் வலமும் மாற்றி மாற்றித் தள்ளலாம். எதிரிக்குத் தலை சுற்றும்.

1928-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் ஒலிம்பிக் தங்கம். இறுதிப் போட்டியில் ஹாலந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-0. அங்கே தொடங்கி 1956 வரை வரிசையாக ஆறு தங்கம். திறமை ஆட்டக்காரர்களுடையது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திறமைக்குத் தோதாக வளைந்து கொடுத்தது அந்த மரம். பிற்பாடு ஐரோப்பியர்களும் தங்கள் நீளத் தலையைக் கைவிட்டு, இந்தக் குட்டைத் தலைக்கு மாறினார்கள். காந்தத்தைத் தேடிய கதையைவிட இது பெரிய மரியாதை இல்லையா?

சரி, இந்த மட்டையை யார் செய்தார்கள்?

சியால்கோட். இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் ஊர். அந்த ஊர் விளையாட்டுப் பொருள் உலகத்துக்குள் நுழைந்ததே ஒரு ரிப்பேர் வேலையில்தான் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏதோ ஒரு வெள்ளைக்காரரின் டென்னிஸ் ராக்கெட் உடைந்ததாம். லண்டனுக்கு அனுப்பிச் சரிசெய்து வரும்வரை யார் காத்திருப்பது? உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர் வாங்கி ஒட்டிக் கொடுத்தாராம். 'அட, நன்றாக இருக்கிறதே' என்று ஆர்டர்கள் வந்தனவாம். கதை எப்படியோ, ஊர் வளர்ந்தது நிஜம். முசுக்கட்டைக்கும் பஞ்சமில்லை. லாகூர்ப் பக்கம் சங்கா மங்கா என்றொரு காடு. 1866-ல் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்று பிரிட்டிஷ் சர்க்கார் நட்டு வளர்த்த காடு. ரயில் கரிக்கு மாறிப் போனது. காட்டின் முசுக்கட்டை சியால்கோட்டுக்கு வந்தது.

பிறகு 1947.

தேசம் பிரிந்தபோது தொழிலும் பிரிந்தது. சியால்கோட்டின் இந்து, சீக்கிய முதலாளிகளும் தொழிலாளிகளும் எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். பலர் ஜலந்தரில் தங்கினார்கள். சிலர் மீரட் போனார்கள். பட்டறை அங்கே, காடு அங்கே, கணக்குப் புத்தகம் அங்கே, வரவேண்டிய பாக்கியும் அங்கே. ஐந்தொகை போட்டுப் பார்த்தால் சொத்துப் பக்கம் சுத்தமாகக் காலி. கையில் இருந்தது கைத்தொழில் மட்டும். அதை வைத்துக்கொண்டே ஜலந்தரின் பஸ்திகளில் மறுபடி ஆவி காட்ட ஆரம்பித்தார்கள். சியால்கோட்டும் நின்றுபோகவில்லை, அங்கே இருந்தவர்கள் தொடர்ந்தார்கள். அப்புறம் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒலிம்பிக்கில் மோதியபோதெல்லாம், இரண்டு பக்கத்து மட்டைகளுக்கும் பூர்வீகம் ஒன்றுதான்.

1948, ஆகஸ்ட் 12. சுதந்திரத்தின் முதல் பிறந்தநாளுக்கு மூன்று நாள் பாக்கி. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இறுதிப் போட்டி. எதிரே, நேற்றுவரை ஆண்ட பிரிட்டன். தரை முழுக்க ஈரம், சகதி. கேப்டன் கிஷன் லாலும் கே.டி.சிங் பாபுவும் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஆடினார்கள் என்பது அந்த மேட்சின் புகழ்பெற்ற காட்சி. 4-0. தங்கம்.

கால் ஈரத்தைத் தாங்கும். மட்டை தாங்குமா?

மரத்துக்கு முதல் எதிரி தண்ணீர். தலைக்குள் ஈரம் ஏறினால் நார் உப்பும், பிரியும், ஒருநாள் நல்ல அடியில் பிளக்கும். அதனால் புது மட்டை கைக்கு வந்ததுமே ஆட்டம் கிடையாது. முதலில் எண்ணெய்க் குளியல். ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தலையில் மட்டும் மெல்லிசாகத் தடவ வேண்டும். காயவிட வேண்டும். மறுபடி தடவ வேண்டும். ஆசைப்பட்டு ஊற்றினால் மட்டை குடித்துக் குடித்துக் கனத்துப்போகும். பிடிப் பக்கம் போகவே கூடாது, பசை விட்டுவிடும். ஆட்டம் முடிந்ததும் சேற்றைத் துடைத்து நிழலில் வைக்க வேண்டும். 'சீக்கிரம் காயட்டுமே' என்று வெயிலில் வைத்தால் முடிந்தது கதை.

அடுத்து டேப். பந்து பட்டுப் பட்டு நார் சிலும்புகிற இடத்தில், பிளவு ஓடுவதற்கு முன்னால், இழுத்துச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் சுற்றாததற்குச் சமம். தடிமனாகச் சுற்றினால் பந்து அந்த மேட்டில் பட்டுத் துள்ளும். மட்டையில் ஒரு பக்கம்தான் தட்டை, ஆட அனுமதியும் அந்தப் பக்கத்துக்குத்தான். அதைக் கெடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? பிடியிலும் அப்படியே. வியர்வை குடித்த பழைய சுற்றைப் பிரித்து எறிந்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி புதுசாகச் சுற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் என்ன செலவு? ஒரு பாட்டில் எண்ணெய், ஒரு சுருள் டேப், கொஞ்சம் பொறுமை. ஏழைப் பையனும் ஒரே மட்டையை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காலம் தள்ளலாம். இந்த ஆட்டம் இங்கே இவ்வளவு தூரம் பரவியதற்கு இந்த மலிவும் ஒரு காரணம்.

1975-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிவந்தது இந்தியா. அடுத்த வருஷமே, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், ஏழாவது இடம்! இடையில் என்ன நடந்தது? காலுக்குக் கீழே புல் போய்விட்டது. ஒலிம்பிக் ஹாக்கியில் முதல்முறையாகச் செயற்கைத் தரை விரித்திருந்தார்கள். பந்து குதிக்கவில்லை, பறந்தது. நெளித்து நெளித்துக் கொண்டுபோகும் கலையைவிட, ஓட்டமும் உரமும் முக்கியமாகிப் போயின. 1980 மாஸ்கோவில் நம் சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில், செயற்கைத் தரையிலேயே ஒரு தங்கம் வந்தது உண்மை. ஆனால் அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்திருந்தன. அதற்கப்புறம் 41 வருடம் ஒலிம்பிக்கில் ஹாக்கிப் பதக்கமே இல்லை. 2021-ல் டோக்கியோவில்தான் அடுத்த வெண்கலம். 2024 பாரிஸில் இன்னொன்று.

தரை மாறியதை எல்லோரும் பேசுவார்கள். மட்டைக்கு என்ன ஆனது என்று பேசுகிறவர்கள் குறைவு.

செயற்கைத் தரை மரத்தை உப்புத்தாள் மாதிரி தேய்த்தது. தண்ணீர் தெளித்து ஆடும் தரை வந்தபோது ஈரமும் சேர்ந்துகொண்டது. எண்ணெய் எவ்வளவுதான் காப்பாற்றும்? ஆட்டக்காரர் வீட்டில் உட்கார்ந்து சுற்றிய டேப்பைத் தொழிற்சாலையே சுற்ற ஆரம்பித்தது. கண்ணாடி இழை, கார்பன், கெவ்லார் என்று மரத்தின் மேல் பசையோடு பொதிந்தார்கள். பொதிகை ஒரு படலமாக இருந்தது, தடித்தது, இன்னும் தடித்தது. கடைசியில் யாருக்கோ அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும்: இவ்வளவு இழை இருக்கும்போது உள்ளே மரம் எதற்கு? 2000 வாக்கில் முழுக்க முழுக்க இழையாலேயே செய்த மட்டைகளை சர்வதேச ஹாக்கி சம்மேளனம் ஏற்றுக்கொண்டது. காயத்துக்குப் போட்ட கட்டு, காயம்பட்டவனையே வெளியே தள்ளிவிட்டுப் படுக்கையில் படுத்துக்கொண்டது.

புது மட்டை பலசாலி. மரத்தைவிட வேகமாக அடிக்கும், ஈரத்துக்கு அஞ்சாது. பெரிய ஆட்டங்களில் அதைத்தான் பார்க்கிறோம். ஜலந்தரும் சியால்கோட்டும் சளைக்கவில்லை. ஆவிப் பட்டறை நடத்திய ஊர்கள் இன்று இழை மட்டையும் செய்து ஏற்றுமதி பண்ணுகின்றன. ஆனால் நல்ல இழை மட்டைக்குப் பல ஆயிரம் ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். ஆடுவதற்கோ, கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட தரை வேண்டும். மட்டையில் விரிசல் விட்டால்? ஆளி விதை எண்ணெய் உதவாது. ஒரு சுருள் டேப்பும் உதவாது. அடுத்த மட்டைக்குக் காசு தேட வேண்டியதுதான்.

பழைய காலத்தின் ஒரு மிச்சம் மட்டும் விதிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. மட்டையை 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்துக்குள் நுழைத்துப் பார்ப்பார்கள். முழுசாகப் புகுந்து வெளியே வரவேண்டும். மேலே என்ன சுற்றியிருந்தாலும் அதையும் சேர்த்தேதான் அளவு.

டேப்புக்கும் மட்டை என்று பேர் கொடுத்த விதி. இப்போது டேப் மட்டும்தான் மட்டை.