டைனோசர் பூங்காவுக்கு 170 வயது தாண்டிவிட்டது

"சேர், என்ட பார்க்ல டி-ரெக்ஸ் வந்துட்டு."

எங்கள் பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உம்மாவின் போனில், வாப்பாவின் போனில் பிள்ளைகள் விளையாடும் டைனோசர் பூங்கா கேம். பெயர்கள் பல, உள்ளே இருப்பது ஒன்றுதான். வெறும் நிலம் ஒன்று தருவார்கள். தட்டினால் கூடு வரும், மறுபடி தட்டினால் டைனோசர் வரும், சனம் டிக்கட் எடுத்து வரும், காசு சேரும். போனை மூடிவிட்டுத் தூங்கினாலும் காசு சேரும். காலையில் திறந்தால், நீ இல்லாத நேரத்தில் இவ்வளவு வருமானம் என்று காட்டும். இந்த வகைக்கு ஐடில் கேம் என்று பெயர். சும்மா இருந்து ஆடும் விளையாட்டு.

"டைனோசர்தானே சேர், விஞ்ஞானம்தானே, விளையாடினால் என்ன?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. இந்தப் பூங்கா எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

'டைனோசோரியா' என்ற சொல்லை 1842இல் உண்டாக்கியவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன். அப்போது அவர் கையில் இருந்தவை மூன்று வகை மிருகங்களின் துண்டு எலும்புகள்தான். 12 வருடத்தில், இலண்டனுக்குத் தெற்கே சிடன்ஹம் என்ற இடத்தில் உலகின் முதல் டைனோசர் பூங்கா திறக்கப்பட்டது. 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த பெரும் கண்காட்சியின் கண்ணாடி மாளிகையைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மறுபடி கட்டினார்கள். அதன் தோட்டத்து ஏரித் தீவுகளில், ஆளைவிடப் பல மடங்கு பெரிய சிலைகளாக அந்த மிருகங்களை வைத்தார்கள். 1854 ஜூன் 10ஆம் திகதி விக்டோரியா மகாராணி திறந்துவைத்தார்.

சிலைகளைச் செய்தவர் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். ஒரு இகுவானடோன் சிலைக்கு என்ன போனது என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார்: 9 அடி உயர இரும்புத் தூண் 4, செங்கல் 600, அரைவட்டக் குழாய் ஓடு 650, சாதாரண ஓடு 900, சீமெந்து 38 பீப்பாய், உடைத்த கல் 90 பீப்பாய். ஒரு சின்ன வீடு கட்டும் சாமான். 1853 டிசம்பர் 31 இரவு அந்த இகுவானடோனின் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு, சுமார் 20 பேருக்கு விருந்து வைத்தார். விளம்பரம் என்பது அன்றைக்கும் இருந்ததுதான்.

அந்தச் சிலைகள் பிழையானவை. இகுவானடோனின் மூக்கில் காண்டாமிருகம்போல ஒரு கொம்பு வைத்தார்கள். 1878இல் பெல்ஜியத்தில் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் 30க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகு, அது மூக்குக் கொம்பு அல்ல, பெருவிரல் முள் என்று உறுதியானது. இதைத்தான் வகுப்பில் நான் விரும்பிச் சொல்வேன். ஓர் எலும்பு கிடைக்கிறது, ஒரு கருத்து வருகிறது, வேறு எலும்பு கிடைக்கிறது, கருத்து மாறுகிறது. அந்தக் கொம்பு வைத்த சிலை இன்றைக்கும் அங்கே நிற்கிறது. மாளிகை 1936இல் எரிந்துபோனது, சிலைகள் தப்பிவிட்டன.

ஹாக்கின்ஸுக்கு அங்கே எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. செலவு கூடிப்போனதால் 1855இல் வேலையை நிறுத்திவிட்டார்கள், அவர் திட்டத்தில் இருந்த பல மிருகங்கள் வரவே இல்லை. 1868இல் நியூயோர்க் நகரம் அவரை அழைத்தது, சென்ட்ரல் பார்க்கில் இதேபோல ஒரு காட்சிசாலை அமைக்க. மூன்று வருடம் வேலை செய்தார். 1871 மே மாதம் ஆட்களை அனுப்பி, அவர் செய்து வைத்த உருவங்களையும் அச்சுகளையும் சுத்தியலால் உடைத்துப் போட்டார்கள். அவருக்கு அப்போது 64 வயது.

பூங்கா நடத்துவது என்றால் இப்படித்தான். காசு முடியும், மேலே இருப்பவன் மாறுவான், வேலை பாழாகும். மைக்கேல் கிரைட்டன் 1990இல் எழுதிய ஜுராசிக் பார்க் நாவலிலும், 1993இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்திலும் கதையே பூங்கா கைமீறிப் போவதுதானே.

அதே 1993இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பள்ளிக்கூடக் கணினிகளுக்காகத் தொடங்கப்பட்ட மெக் என்ற நிறுவனம் 'டைனோபார்க் டைகூன்' என்று ஒரு கேம் வெளியிட்டது. போனில் இப்போது இருப்பவற்றுக்கு இதை ஒரு மூத்த வாப்பா என்று சொல்லலாம். ஆனால் குணம் வேறு. காணி வாங்க வேண்டும், வேலி போட வேண்டும், எந்த மிருகம் எதைத் தின்னும் என்று பார்த்துத் தீனி வாங்க வேண்டும், ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். வேலி பலமில்லையென்றால் மிருகம் ஓடிவிடும். கணக்குப் பிழைத்தால் பூங்காவை மூட வேண்டியதுதான். பிள்ளை தோற்கலாம். தோற்றால் ஏன் தோற்றோம் என்று யோசிக்க வேண்டும்.

ஐடில் கேமில் தோற்க வழியே இல்லை. வேலி உடையாது, மிருகம் பசியில் சாகாது. இந்த வகையின் ஆரம்பமும் ஒரு பகிடிதான். 2002இல் எரிக் ஃபிரெட்ரிக்சன் 'புரோக்ரஸ் குவெஸ்ட்' என்று ஒன்று செய்தார். ஒரு வீரனை உருவாக்கிவிட்டு நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அது தானே ஆடும். 2010இல் இயன் போகோஸ்ட் என்ற பேராசிரியர் பேஸ்புக் கேம்களைக் கேலி செய்ய 'கௌ கிளிக்கர்' செய்தார். ஒரு மாட்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தட்டலாம், அவ்வளவுதான். அதற்கு முன் தட்ட வேண்டுமென்றால் காசு. கேலிக்காகச் செய்த அதையும் 50,000க்கு மேற்பட்டோர் ஆடினார்கள். 2011இல் மாடுகளை எல்லாம் மறையச் செய்தார். மாடு நின்ற வெறும் இடத்தையும் சிலர் தட்டிக்கொண்டிருந்தார்கள்! 2013இல் 'குக்கி கிளிக்கர்' வந்தது, பிறகு இந்த வகை போன்களில் பரவிவிட்டது.

இனி இதன் கணக்கு. பெற்றோர் இந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டாம்.

குக்கி கிளிக்கரில் ஒரு பொருளை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 வீதம் ஏறும். 100க்குத் தொடங்கினால், 10 வாங்கிய பிறகு விலை சுமார் 405. 20 வாங்கிய பிறகு 1,637. 50 வாங்கிய பிறகு ஒரு இலட்சத்து எட்டாயிரத்தையும் தாண்டும். ஆனால் ஒவ்வொன்றும் தரும் வருமானம் முதலில் தந்த அதே அளவுதான். டைனோசர் கூடுகளும் இதே மாதிரியான சூத்திரத்தில்தான் ஓடுகின்றன. அதனால் முதல் பத்து நிமிடம் எல்லாம் மழைபோலக் கொட்டும், பிறகு காத்திருக்க வேண்டி வரும், பிறகு இன்னும் நேரம் காத்திருக்க வேண்டி வரும். சதுரங்கப் பலகையின் 64 கட்டத்திலும் தானியத்தை இரட்டித்து வைக்கச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் பதிந்துவைத்த கதை. அரசனால் கொடுக்க முடியாமல்போன அதே பெருக்கம்தான் இது. இங்கே அரசன் இடத்தில் நம் பிள்ளை.

அந்தக் காத்திருப்பைத்தான் விற்கிறார்கள். 30 செக்கன் விளம்பரம் பார்த்தால் வருமானம் இரட்டிப்பு. காசு கட்டினால் இன்னும் வேகம். திரையில் டிக்கட் எடுக்கும் பொம்மைச் சனம் யாருக்கும் ஒரு சதமும் கொடுப்பதில்லை. உண்மையான காசு, உங்கள் பிள்ளை பார்க்கும் விளம்பரத்துக்கு விளம்பரக்காரர் கொடுப்பது. டேட்டாக் காசு வாப்பாவின் சட்டைப்பையில் இருந்து போவது.

போனைப் பிடுங்கச் சொல்லவில்லை. பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் போனில் ஆடுவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். நான் செய்வது வேறு. கூட்டின் விலையைப் பத்து முறை எழுதி வரச் சொல்வேன். எத்தனை வீதம் ஏறுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். கணக்கே பிடிக்காத பிள்ளைகூட இதை எழுதி வருகிறது. பிறகு ஒரு கேள்வி: உன் டி-ரெக்ஸ் ஜுராசிக் காலத்து மிருகமா? இல்லை. ஜுராசிக் காலம் முடிந்தது 14 கோடியே 50 இலட்சம் வருடத்துக்கு முன். டி-ரெக்ஸ் வாழ்ந்தது ஏழு கோடி வருடத்துக்கும் உள்ளேதான். பூங்கா கட்டிய பிள்ளைக்கு இது தெரியாது, கேம் அதைக் கேட்பதில்லை.

இன்னொன்று. நம் புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும் வீதியில் தப்போவ என்று ஊர் இருக்கிறதே, அங்கே குளத்தை அண்டிய பகுதியில் உண்மையான ஜுராசிக் காலத்துப் பாறைப் படிவு இருக்கிறது. இலங்கையின் பெரும்பகுதி அதைவிடப் பல மடங்கு பழைய பாறை, ஜுராசிக் படிவு மிகச் சில இடங்களில்தான். தப்போவவில் கிடைப்பவை மிருக எலும்பு அல்ல, பன்னங்கள், சைக்கஸ் போன்ற செடிகளின் இலைகள் கல்லில் பதிந்த அடையாளங்கள். பஸ்ஸில் எத்தனை முறை அந்த வழியால் போயிருப்போம். லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், அந்த விஷயம் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல் பொறுக்கிக்கொண்டு வர விடாதீர்கள், போனில் படம் எடுத்தால் போதும்.