சாவி யார் கையில்?

1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தைப் பற்றி இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருட்களையும் விற்ற காசில் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கிக் கலைஞர்கள் தாமே குடியேறிய கதை அது. வயிற்றுக்குக் கைத்தொழில், மனத்துக்கு ஓவியம் என்ற அந்த ஏற்பாடு இன்றும் வியப்பளிக்கிறது. ஆனால் அது பயின்று தேர்ந்தவர்களின் ஊர். அருகிலிருந்த குப்பத்துப் பிள்ளைகளை எண்ணி எழுப்பப்பட்டதன்று.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிய எண்ணம் மெல்லத்தான் வந்தது. ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டோரை 2000 முதல் குடியமர்த்திய கண்ணகி நகரில், 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பின் முயற்சியால் அடுக்ககச் சுவர்களில் பேரோவியங்கள் எழுந்தன. கண்ணுக்கு அழகுதான். எனினும் வரைந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் டி.எம். கிருஷ்ணா, நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோர் மீனவ மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழா இதனினும் ஆழமானது. சபாவில் ஒலித்த இசையும் சபா ஏற்றாத பறையும் ஒரே மணலில் ஒலித்தன. ஆயினும் விழா என்பது சில நாட்கள். எஞ்சிய நாட்களில் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

இக்கேள்வி பொன்னேரி வட்டத்திலும் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகமும் வல்லூர் அனல்மின் நிலையமுமாக நகரம் இங்கே நெருங்கிவிட்டது. பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களிலிருந்து என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடவும் வரையவும் தெரியும், உட்கார இடமில்லை.

கலைக்கூடம் ஒன்றைத் திட்டமிடுவோர் கட்டட வரைபடத்துக்கு முன் அந்த ஏரியின் பாடு முறையைப் படிக்க வேண்டும் என்பேன். நல்ல மீன்பிடி இடத்தை எவரும் சொந்தமாக்கிக்கொள்ளாதபடி, யாருக்கு எப்போது எந்த இடம் என்பதைக் குலுக்கிப் போட்டு முறைவைத்துப் பகிரும் பழைய ஏற்பாடு அது. (பாடு என்பதற்கு உழைப்பு, துன்பம் என்றும் பொருளுண்டு; தமிழாசிரியனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா?) அறையின் சாவியும் மேளமும் வண்ணப் பெட்டியும் ஒரு தலைவர் கையில் இல்லாமல் அவ்வாறே முறைவைத்துச் சுழலலாம். பணம் தந்தவர் பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளட்டும். சாவி கேட்கக் கூடாது.

பாடு முறையைப் புகழ்ந்துகொண்டே போவதில் ஓர் ஆபத்து உண்டு. அது பட்டினவர் ஆண்களின் உரிமையாகவே வளர்ந்தது. அதே நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் பங்கில்லை. வகுப்பில் இந்த யோசனையைச் சொல்லி முடித்தபோது ஏரிக்கரை ஊர் மாணவி ஒருத்தி எழுந்தாள். "பாடுல எங்கம்மா பேரே கிடையாது ஐயா. என் பேரை மட்டும் குலுக்கல்ல யார் போடுவாங்க?"

அன்று என்னிடம் விடையில்லை. அடுத்த வாரம் அவளையே ஒரு விதிமுறை எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.