நிசான் மாதத்து இரவு



இரவு உணவுக்கு வீட்டார் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். உண்ணத் தொடங்குமுன், கடைசிப் பிள்ளை ஒரு கேள்வி கேட்கிறது. மற்ற இரவுகளைப் போலன்றி இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்பதே அக்கேள்வி. பெரியவர் கதை சொல்லத் தொடங்குகிறார். நிசான் மாதத்தில் யூதர்களின் வீடுகளில் நடைபெறும் பஸ்கா விழாவின் காட்சி இது.

யூதர்களின் மாதங்கள் பிறைக் கணக்கில் அமைந்தவை. பன்னிரண்டு பிறை மாதங்களுக்கு ஏறக்குறைய 354 நாட்கள்தாம். சூரிய ஆண்டைவிட இது 11 நாள் குறைவு. நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னே வருவதன் காரணமும் இதுவே. ஆனால் நிசான் மாதம் இளவேனிற் காலத்தில்தான் வரவேண்டும் என்பது யூத வேதத்தின் கட்டளை. அதற்காக அவர்கள் 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். நிசான் 15ஆம் நாள், முழுநிலவு இரவில், பஸ்கா தொடங்குகிறது.

பெரியவர் சொல்லும் கதை என்ன? யூதர்களின் முன்னோர் எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்தார்கள். செங்கல்லுக்கு வேண்டிய வைக்கோலை மன்னன் நிறுத்திவிட்டான். ஆனால் நாள் கணக்கில் ஒரு கல்லையும் குறைக்கவில்லை. பின்னர் மோசேயின் தலைமையில் மக்கள் விடுதலை பெற்றுப் புறப்பட்டார்கள். பிசைந்த மாவு புளிப்பதற்கும் நேரமில்லை. இது வேதம் கூறும் வரலாறு. எகிப்தியரின் எழுத்துகளில் இதற்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் இந்த நினைவு ஓர் இனத்தையே தாங்கி நின்றது என்பது மெய்.

முற்காலத்தில் பஸ்கா ஆட்டுக்குட்டியை எருசலேம் கோயிலில் பலியிட்டனர். கி.பி. 70இல் ரோமர்கள் அக்கோயிலை அழித்தார்கள். கோயில் போனதும் விழாவும் போயிருக்கலாம். போகவில்லை. யூத அறிஞர்கள் அதை வீட்டு உணவு மேசையில் நிலைநிறுத்தினார்கள்.

அந்த மேசையில் ஒவ்வொரு பண்டமும் ஒரு பாடம். நீர் பட்ட மாவை 18 நிமிடங்களுக்குள் சுட்டெடுத்த புளிப்பில்லா அப்பம், அவசரப் பயணத்தைக் காட்டும். கசப்புக் கீரை அடிமை வாழ்வையும், உப்புநீர் கண்ணீரையும் காட்டும். பழமும் கொட்டைப் பருப்பும் சேர்த்து அரைத்த இனிப்பு, செங்கல் அறுத்த சேற்றைக் காட்டும். எகிப்தியருக்கு நேர்ந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது, கிண்ணத்திலிருந்து பத்துத் துளி திராட்சை இரசத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். பகைவர் பட்ட துன்பத்தை எண்ணினால் மகிழ்ச்சி நிறைவாகாது என்பது அதன் பொருள்.

1943 ஏப்ரல் 19. அன்று மாலை பஸ்கா. போலந்தின் வார்சா நகரில் அடைத்துவைக்கப்பட்டிருந்த யூதர்களில் எஞ்சியவர்களையும் கொண்டுபோக நாஜிப் படைகள் புகுந்தன. சில துப்பாக்கிகளோடும் கையெறி குண்டுகளோடும் அம்மக்கள் ஏறத்தாழ ஒரு மாதம் எதிர்த்து நின்றார்கள். இஸ்ரேல் நாடாளுமன்றம், நாஜிகளால் கொல்லப்பட்டோரை நினைவுகூர நிசான் 27ஆம் நாளை 1951இல் குறித்தது.

நீங்களும் அந்நிய நாட்டில் அயலாராய் இருந்தவர்கள். ஆகவே அயலாரை ஒடுக்காதீர்கள் என்று யூத வேதம் கட்டளையிடுகிறது. அடிமைப்பட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது இழிவன்று. அதை மறைத்தால்தான் பட்ட பாடு வீணாகும். ஆகவேதான் ஆண்டுதோறும் அப்பிள்ளை கேட்கிறது. பெரியவரும் சலிக்காமல் சொல்கிறார்.