மலிவும் தரமும்

வடமதுரைக்குப் பக்கத்தில் அய்யலூர் என்று ஓர் ஊர். வியாழக்கிழமைதோறும் அங்கே ஆட்டுச் சந்தை கூடும். வாங்க வருகிறவர் ஆட்டின் பல்லைப் பார்ப்பார். முதுகைத் தடவிப் பார்ப்பார். தூக்கி எடையை மதிப்பிடுவார். பிறகுதான் விலை பேசுவார். அதே மனிதரின் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். கையில் கொடுத்த மாத்திரையை அவர் எப்படிச் சோதிப்பார்? அவருக்காக வேறு யாரோதான் தரம் பார்க்க வேண்டும்; விலையும் பேச வேண்டும். அந்த வித்தையை நம்மவர்கள் கற்றது ஒரு தனிச் சரித்திரம்.

வெள்ளையர் காலத்தில், 1911-ல் வந்த காப்புரிமைச் சட்டமே சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்தது. அதை ஆராய்ந்து 1959-ல் அறிக்கை தந்தவர், அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார். அதை ஒட்டி 1970-ல் புதுச் சட்டம் பிறந்தது. மருந்துக்கு உரிமை கிடையாது. செய்முறைக்கு மட்டுமே உண்டு. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய யாரும் முன்வரலாம். ஜெனரிக் மருந்துகள் இங்கே தழைத்தது இப்படித்தான்.

2005-ல், உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி, மருந்துக்கே உரிமை திரும்பி வந்தது. ஆனால் பாராளுமன்றம் ஒரு தாழ்ப்பாளும் போட்டது: தெரிந்த பொருளுக்குப் புது உருவம் கொடுத்தால் போதாது, குணமும் கூடியிருக்க வேண்டும். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் மருந்து அந்தத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டது. நோவார்ட்டிஸ் கம்பெனியின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மருந்து சுமார் 10,000 ரூபாய். 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. சட்டத்தையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் உரிமையை மறுத்தது.

கண்டுபிடித்தவனுக்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊதியம் எதற்கு என்பதே வழக்கு: புதுக் குணத்துக்கா, பழைய மருந்தின் புது வடிவத்துக்கா?

சரி, மலிவு வந்தது. தரம்?

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மருந்தை வணிகப் பெயரால் அல்ல, பொதுப் பெயரால் டெண்டர் கேட்பார்கள். உறைகள் இரண்டு. கம்பெனியின் தகுதியைச் சொல்லும் உறையை முதலில் பிரிப்பார்கள். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிறகு தொடுவார்கள். வந்து இறங்கிய சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். தேறாத சரக்கு திரும்பிப் போகும்; தவறு தொடர்ந்தால் கம்பெனியே விலக்கப்படும்.

"ஆஸ்பத்திரி மருந்துதானே!" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நம்மில் பலர். விலை உயர்ந்ததே உயர்ந்தது என்ற பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது. சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால் "என்ன விலை?" என்று கேட்டு முகம் சுளிப்பதற்குப் பதிலாக, "சோதித்தார்களா?" என்று கேட்போம். ஏழைக்கும் நமக்கும் பயன்படுகிற கேள்வி அதுதான்.