பஞ்ச விதியும் பணி உரிமையும்

பஞ்ச வரலாறு பயில்வோர் மழையளவையும் விளைச்சலையும் ஆராய்வதோடு அமைதல் போதாது. பசித்தவனுக்குக் கிடைத்த உதவி எவ்விதியின்கீழ் வந்தது, அவ்விதியைச் சுட்டி அவன் கேட்க இயன்றதா என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.

1874-இல் பீகாரில் பஞ்ச நிவாரணப் பொறுப்பேற்ற சர் ரிச்சர்டு டெம்பிள், பர்மா அரிசியைத் தாராளமாகத் தருவித்தார். சாவு மிகக் குறைவாயிற்று. ஆயினும் வீண்செலவு செய்தார் என்ற பழியே அவருக்கு எஞ்சியது. 1877-இல் வைசிராய் லிட்டன் அவரையே சென்னைக்கும் பம்பாய்க்கும் அனுப்பினார். பழைய பழியைத் துடைக்க எண்ணினார் போலும்! வேலைத்தலத்தில் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவுமே நாட்கூலி என வகுத்தார். சென்னைச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இவ்வுணவு உழைப்பவன் உடலைத் தாங்காது என வாதிட்டார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. பம்பாய் மாகாணத்தில் பலர் அக்கூலியை மறுத்து வெளியேறினர். புனே சார்வஜனிக சபை அவர்கட்குத் துணை நின்றது. மூன்றே ஆண்டுகளில் அதே அதிகாரியின் கையில் படியளவு சுருங்கியதற்குக் கருவூலத்தின் மனநிலையே காரணம்.

1880-இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கையும், 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பும் வெளிவந்தன. விலையேற்றம், மக்கள் ஊர்விட்டு அலைதல், களவு மிகுதல் முதலிய அறிகுறிகளைக் கண்டு வேலைத்தலம் திறக்க அத்தொகுப்பு வழிகூறியது. நல்ல ஏடுதான், ஆனால் அதிகாரிக்கென எழுதப்பெற்ற ஏடு. பசித்தவன் அதைக் காட்டி வழக்காட இயலாது.

மகாராட்டிரத்தில் வி. ச. பாகே என்பார் 1965-இல் சாங்கலி மாவட்டத்துத் தாஸ்காவ் வட்டத்தில் வேலையுறுதித் திட்டமொன்றைச் சோதித்தார். 1972–73 வறட்சியில் சோளக்காடுகள் கருகின. 1973 மே மாதத்தில் நிவாரண வேலைகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் கல்லுடைத்தும் மண்சுமந்தும் பிழைத்தனர். 1977-இல் இயற்றப்பெற்று 1979-இல் நடைமுறைக்கு வந்த அம்மாநிலச் சட்டம், பஞ்சம் என அறிவிப்பு வெளியாகும்வரை மக்களைக் காக்கவைக்கவில்லை. ஊரகத்தில் வயது வந்தோர் எவரும் உடலுழைப்பு வேலை கேட்கலாம். 15 நாட்களுக்குள் கிடைக்காவிடில் படி பெறலாம். கரையணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் இதனால் எழுந்தன. அரைகுறையாய் நின்றவையும் உண்டு, கூலி தாமதித்த இடங்களும் உண்டு.

மும்பையில் மாதச் சம்பளம் வாங்கும் நம்மவர், சம்பளச் சீட்டில் தொழில்வரிப் பிடித்தத்தைக் கண்டு முணுமுணுத்திருப்போம். 1975-இல் அவ்வரி பிறந்தது இத்திட்டத்திற்கு நிதி தேடியே. 2005-இல் நாடாளுமன்றம் ஊரக வேலையுறுதிச் சட்டம் இயற்றியபோது, அந்தப் பதினைந்து நாள் வரம்பு அதிலும் இடம்பெற்றது.