யாருக்கு முதலில் லைன்?

சிவகாசிப் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எந்த டாக்டருக்கும் ஒரு சத்தம் பழக்கம். ஜன்னல் கண்ணாடி லேசா அதிரும். வார்டில் எல்லாரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துவாங்க. அடுத்த நிமிடம் எல்லார் கையிலும் போன்.

அந்த அடுத்த நிமிடத்தின் வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நான் பணியில் சேர்ந்த புதிது. ஒரு மதியம் ஆறு பேர் தீக்காயத்தோடு வந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு முகம் வெந்து, மூச்சுப்பாதையும் வீங்க ஆரம்பித்திருந்தது. தொண்டையில் டியூப் போட்டு மதுரைக்கு அனுப்பணும். எழுபது கிலோமீட்டருக்கு மேல். கிளம்பும் முன்னாடியே அங்கே தீக்காய வார்டில் பேசி வென்டிலேட்டரைத் தயாராக வைக்கச் சொல்லணும்.

போன் போட்டேன். நெட்வொர்க் பிஸி. மறுபடி போட்டேன். பிஸி. சிக்னல் கோடு முழுசா காட்டுது, ஆனா லைன் கிடைக்கல. கடைசியில் எதிரே இருந்த மெடிக்கல் ஷாப்பின் லேண்ட்லைன்தான் கைகொடுத்தது. அதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது.

சிக்னல் இருந்தும் லைன் ஏன் கிடைக்கல?

சிக்னல் என்பது டவர் உங்களுக்குக் கேட்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். பேச இடம் இருக்கு என்று அர்த்தமில்லை. பழைய 2ஜியில் ஒரு அலைவரிசையை 8 துண்டாகப் பிரிப்பார்கள். அதில் ஒன்று டவரின் சொந்த வேலைக்கே போய்விடும். மிச்சம் 7 பேர் பேசலாம். நாலு அலைவரிசை வைத்தாலும் ஒரு திசையில் முப்பது பேர், அவ்வளவே. அன்றைக்கு எங்க ஆஸ்பத்திரி வாசலில் மட்டுமே முந்நூறு பேர் நின்றார்கள்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் டென்மார்க்காரர் ஏர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1917இல் அவர் எழுதிய சூத்திரம்தான் இன்றும் பாடம். டாக்டர் பாஷையில் சொல்றேன். ஏழு படுக்கை உள்ள ஐசியு. வருகிற நூறு பேரில் இரண்டு பேருக்கு மேல் திருப்பி அனுப்பக்கூடாது என்றால், சராசரியாக மூணு படுக்கைதான் நிரம்பியிருக்கணும். மற்ற நாலும் காலியாகக் கிடக்கணும். ஐசியு படுக்கை திட்டமிடவும் இதே சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் தெரிந்தது.

நெட்வொர்க்கை நல்ல நாளுக்குக் கட்டுகிறார்கள். கெட்ட நாளுக்கு ஒரே வழி, யாரை முதலில் விடுவது என்று முடிவு செய்வது.

இந்த முடிவு நமக்குப் புதுசு இல்லை. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. ட்ரங்க் கால் காலத்தில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூணு வகை. அர்ஜென்ட்டுக்கு இரட்டைக் கட்டணம். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. தீபாவளிக்கு முன்னாடி வடநாட்டு ஆர்டரைப் பிடிக்க முதலாளிமார் லைட்னிங் போடுவார்கள் என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கேன். சாவு செய்தி சொல்ல வந்தவர் ஆர்டினரியில் காத்திருப்பார். காசுதான் முன்னுரிமை.

செல்போன் வந்தபோது அதைக் கட்டியவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். உங்க சிம்முக்குள் 0 முதல் 9 வரை ஒரு வகுப்பு எண் இருக்கு. நீங்க பணக்காரரா ஏழையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, குலுக்கல் மாதிரி. கூட்டம் நெரிந்தால் "இந்த இந்த வகுப்பு இப்போ வராதே" என்று டவரால் அறிவிக்க முடியும். 11 முதல் 15 வரை தனி வகுப்பு. 12 பாதுகாப்புப் பணி, 13 குடிநீர், மின்சாரம் மாதிரி சேவைகள், 14 அவசரப் பணி. அந்த சிம் வைத்திருப்பவருக்குக் கதவு திறந்தே இருக்கும்.

கேட்க அருமையாக இருக்கில்ல? லண்டனில் 2005 ஜூலை 7 அன்று அதைச் சோதிக்க வேண்டி வந்தது.

சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்த நாள். ஊரே போன் போட, நெட்வொர்க் திணறியது. மதியம் 12 மணி வாக்கில் சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ் கேட்டுக்கொண்டதால், ஆல்ட்கேட் பகுதியைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கு ஓ2 கம்பெனி பொதுமக்களின் அழைப்பை நிறுத்தியது. மாலை 4.45 வரை. அந்த நேரத்தில் லட்சக்கணக்கான அழைப்புகள் போகாமல் போயின.

இதில் இரண்டு விஷயம். ஒன்று, எல்லாத் துறைகளையும் சேர்த்து நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டம் இதைச் செய்ய வேண்டாம் என்று முடிவு எடுத்திருந்தது. ஒரு போலீஸ் பிரிவு தனியாகச் செய்தது. இரண்டாவதுதான் எனக்கு உறைத்தது. ஆம்புலன்ஸ் சேவை மேலாளர்களே சாதாரண செல்போனை நம்பித்தான் இருந்தார்கள். முன்னுரிமை வசதி இருந்தது, தேவைப்பட்ட எல்லாக் கைகளிலும் அது இல்லை. 2006இல் லண்டன் அசெம்பிளி விசாரணைக் குழு இதைக் கடுமையாகவே எழுதியது.

அமெரிக்கா 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வேறு வழி எடுத்தது. யாரையும் வெளியே தள்ளாமல், அடுத்து காலியாகும் சேனலை வரிசையில் முன்னால் நிற்பவருக்குக் கொடுப்பது. ஐந்து படிநிலை. முதலில் நாட்டுத் தலைமை, இரண்டாவது பேரிடர் தலைமையும் ராணுவமும், மூன்றாவது பொதுச் சுகாதாரமும் காவல்துறையும். நாம மூணாவது. பரவாயில்லை, பட்டியலில் இருக்கோமே!

4ஜி வந்த பிறகு முன்னுரிமை ஆளுக்கு மட்டுமல்ல, வேலைக்கும் வந்துவிட்டது. வோல்ட்டி குரல் அழைப்புக்கு வகுப்பு 1, சாதாரண இணையத்துக்கு 9. அதனால்தான் வீடியோ சுத்திக்கிட்டே இருக்கும்போதும் குரல் சில சமயம் கேட்கும்.

இங்கே நண்பர்கள் கேட்பார்கள், அப்போ நெட் நியூட்ராலிட்டி? நியாயமான கேள்வி. 2016 பிப்ரவரியில் டிராய் பாரபட்சக் கட்டணத்தைத் தடை செய்ததை நானும் வரவேற்றவன்தான். லைட்னிங் கால் மறுபடி வரக்கூடாது. 2018இல் மத்திய அரசு இணையச் சமத்துவ விதிகளை ஏற்றபோது, தொலைதூர அறுவை சிகிச்சை போன்ற உயிர்ச் சேவைகளுக்கு விலக்கு கொடுத்தது. காசுக்கு முன்னுரிமை வேறு, உயிருக்கு முன்னுரிமை வேறு.

இனி தரத்துக்கு வருவோம். டிராயின் 2009 விதி, சேனல் நெரிசல் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொன்னது. நல்ல விதிதான். ஆனால் தரம் என்பது பெரிய பரப்பின் சராசரி. சிவகாசியில் ஒரு மதியம் முழுக்க லைன் செத்தாலும், தமிழ்நாட்டின் மாதக் கணக்கில் அது ஒரு தூசு. வார்டின் சராசரி காய்ச்சல் 99 டிகிரி என்று சொல்கிற மாதிரி. சராசரி உண்மையை மறைக்கிறது என்பதை டிராயே உணர்ந்துதான் 2017இல் கால் டிராப் அளவீட்டை மாற்றி, மோசமான டவரும் மோசமான நாளும் தனியே தெரிகிற மாதிரி செய்தது.

அவசர முன்னுரிமைக்கு? மீட்புப் பணியில் இருப்பவர்களின் அழைப்பை முதலில் அனுப்ப டிராய் 2013இலேயே பரிந்துரை கொடுத்தது. அதற்கு முந்தைய வருடம், 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நம்ம ஊரில் யாரும் மறக்க முடியாத நாள். முதல் தீயைப் பார்த்து உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். காயம்பட்டவர்கள் மதுரை வரை பல ஆஸ்பத்திரிகளுக்குப் பிரிந்து போனார்கள். அப்படிப்பட்ட நாளில் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை என்று ஒருவருக்கொருவர் பேசுவதே பாதி வைத்தியம்.

2023 தொலைத்தொடர்புச் சட்டம் பிரிவு 20இல் இது இப்போது சட்டமாகவே இருக்கு. பொது அவசர நிலையில், மீட்புப் பணிக்கு அங்கீகரிக்கப்பட்டவர்களின் செய்தியை முன்னுரிமையோடு அனுப்ப அரசு ஏற்பாடு செய்யலாம். 2024 ஜூன் 26 முதல் அந்தப் பிரிவு அமலில் இருக்கு.

"அங்கீகரிக்கப்பட்டவர்கள்" யார்? லண்டன் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

என்னைக் கேட்டால், விருதுநகர் மாவட்டப் பட்டியலில் அதிகாரிகளின் சொந்த நம்பர் போதாது. அவங்க மாற்றலாகிப் போயிடுவாங்க. கேஷுவாலிட்டி மேஜையிலேயே கிடக்கிற ஒரு டூட்டி போன் வேணும், எந்த ஷிப்டில் யார் இருந்தாலும் அவங்க கையில் வருகிற மாதிரி. அதே மாதிரி 108 வண்டிக்கு ஒன்று, தீயணைப்பு நிலையத்துக்கு ஒன்று, 2022இல் வந்த விருதுநகர் மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவுக்கு ஒன்று, மதுரை தீக்காய வார்டில் இரவு விழித்திருக்கிற பிஜி டாக்டருக்கு ஒன்று.

அதுவரை, சத்தம் கேட்ட அடுத்த நிமிடம் வீட்டுக்குச் சொல்லணும்னா எஸ்எம்எஸ் அனுப்புங்க. ரெண்டு வரி போதும். அது பேச்சு சேனலில் இடம் பிடிக்காது. வீடியோவை ராத்திரி ஏத்திக்கலாம்.