தாது வருடப் பஞ்சத்துக்கு வந்த நிவாரண நிதி

தாது வருடப் பஞ்சம் என மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட 1876–78 பெரும்பஞ்சம், அன்று மதுரை மாவட்டத்தில் இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மானாவாரிச் சீமைகளுக்குப் பேரிடியாயிற்று. வடகிழக்குப் பருவமழையையும் அந்நீரைத் தேக்கும் கண்மாய்களையுமே நம்பிய கரிசல் பூமியில், மழை பொய்த்ததும் விளைச்சலோடு கூலி வேலையும் அற்றுப்போயிற்று. சென்னை அரசு கஞ்சித்தொட்டிகளையும் நிவாரண வேலைகளையும் தொடங்கியபோதும், செலவைச் சுருக்க வைசிராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், 1877 தொடக்கத்தில், ஆண் ஒருவரின் நாட்கூலியை ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) தானியத்தின் விலையோடு ஓரணா என்று குறைத்தார்.

நிலைமை மேலும் முற்றவே, 1877 ஆகஸ்டு 4-இல் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் இங்கிலாந்து மக்களிடம் நேரடியாக உதவி கோரியது. அரசு தன் கடமையில் தவறியதாகப் பறைசாற்றுவது போன்ற இவ்வேண்டுகோளை லிட்டன் விரும்பவில்லை. ஆயினும் இலண்டன் மேயரின் இல்லமான மேன்ஷன் ஹவுஸின் பெயரால் திரண்ட நிதி 5 லட்சம் பவுனைத் தாண்டியது. உயிரைக் காப்பது அரசின் பொறுப்பு என்றும், அரசுப் பணம் எட்டாத தேவைகளுக்கே நன்கொடை என்றும் வரையறுக்கப்பட்டதால், இந்நிதியின் பெரும்பகுதி உழவு மாடு, விதை, கூரை ஆகியவற்றை இழந்த குடியானவர்கள் மீண்டும் ஏர் பூட்டுவதற்குச் செலவாயிற்று.

அக்காலத்தில் இலண்டனின் இந்தியா ஆபீஸில் புவியியல் பிரிவை நடத்தியவரும் நீலகிரிக்குச் சின்கோனாவைக் கொண்டுவந்தவருமான கிளெமென்ட்ஸ் மார்க்கம், கால் நூற்றாண்டுக்குப் பின் அரசின் பொறுப்பு எதுவரை, நன்கொடை எதுவரை என்ற இதே சிக்கலைத் துருவப் பனியில் சந்தித்தார். அண்டார்க்டிக்காவில் உறைந்து நின்ற, துருவ ஆய்வாளர் ஸ்காட்டின் 'டிஸ்கவரி' கப்பலுக்காக, 1902-இல் நன்கொடை திரட்டி 'மார்னிங்' என்ற மீட்புக் கப்பலை அனுப்பினார். மறு ஆண்டுக்குப் பணம் போதாதபோது பிரிட்டிஷ் அரசு பொறுப்பேற்றது. ஆனால் 'மார்னிங்' தனக்கே உரிமையாக வேண்டும் என்று நிபந்தனை விதித்து, 'டெர்ரா நோவா'வையும் உடன் அனுப்பியது. 1904 பிப்ரவரியில் 'டிஸ்கவரி' விடுபட்டது.

இரண்டு இடங்களிலும் நன்கொடையாளரின் பணம் அரசின் தயக்கத்தை வெளிச்சமிட்டுக் காட்டியது. எனினும் சில பத்துப் பேர் இருந்த கப்பலுக்காக வாதாட அரச புவியியல் கழகம் இருந்தது. கரிசல் குடியானவருக்கோ அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. இக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டு, பஞ்ச நிவாரணத்தை அரசின் எழுதப்பட்ட கடமையாக்கும் விதிகளை வகுக்க 1880-இல் பஞ்சக் கமிஷன் பரிந்துரைத்தது. அவ்விதிகளே அடுத்த பகுதியின் பொருள்.

(தொடரும்)